25 லட்சமும் என் அப்பாவின் கால் விரலும்

முடிந்து போன தேர்தலைப் பற்றி இப்போது எதற்கு எழுதுகிறாய் என்று வகுப்பில் ஒருத்தன் கேட்டான். காரணம் இருக்கிறது. அடுத்த தேர்தல் எப்போது வந்தாலும் இதே வாக்குறுதி, இன்னும் பெரிய தொகையோடு திரும்ப வரும். அதற்குள் சொல்லி வைத்துவிடலாமே என்றுதான்.

2024 ஏப்ரல். திருப்பூரில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நான் பி.காம் முதலாம் ஆண்டு. அப்பா வலது காலில் கட்டோடு எங்கள் லைன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஏப்ரல் 5ஆம் தேதி காங்கிரஸ் தேர்தல் அறிக்கை வெளியிட்டது. எல்லோருக்கும் 25 லட்சம் ரூபாய் வரை பணமில்லா மருத்துவக் காப்பீடு. எதிர் வீட்டு அண்ணன் சனிக்கிழமைச் சம்பளம் வாங்கிக்கொண்டு வரும்போது அதைச் சந்தோஷமாகச் சொன்னார். "இருவத்தஞ்சு லட்சமாமுங்க, ராகுல் காந்தி வந்தா ஆஸ்பத்திரிக் கவலையே இல்லீங்க."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அது செரி கண்ணு, மாத்திரைக்குக் குடுப்பாங்களா?"

எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. காமர்ஸ் படிக்கிற பிள்ளை என்று என்னிடம் கேட்டார், நான் முழித்தேன். இந்தக் கட்டுரை அவருக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில்.

முதலிலேயே ஒன்று. நான் எந்தக் கட்சியும் இல்லை. காங்கிரஸைத் திட்டுகிறாயே, அப்போ நீ அந்தக் கட்சியா என்று யாரும் ஆட்டோ அனுப்ப வேண்டாம். அந்தக் கட்சிக்கும் கீழே ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறேன் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

தொகை வளர்ந்த கதை

இந்த 25 லட்சம் ராஜஸ்தானிலிருந்து வந்தது. அங்கே முதல்வராக இருந்த அசோக் கெலாட் 2021ல் சிரஞ்சீவி என்ற காப்பீட்டுத் திட்டத்தை 5 லட்சத்தில் ஆரம்பித்தார். 2022ல் 10 லட்சம் ஆனது. 2023ல் 25 லட்சம். அந்த ஆண்டு இறுதியில் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது 50 லட்சம் ஆக்குவோம் என்றார்கள். தேர்தலில் தோற்றார்கள். ஆனால் 25 லட்சம் என்ற எண் மட்டும் டெல்லிக்குப் போய், நாடு முழுவதற்குமான வாக்குறுதியாகி 2024ல் நம் ஊர் டீக்கடைக்கு வந்து சேர்ந்தது.

நமக்கு இந்த விளையாட்டு புதிதில்லை. ஆந்திராவில் ராஜசேகர ரெட்டி 2007ல் ஆரோக்யஸ்ரீ தொடங்கினார். இங்கே 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து 1 லட்சம். ஜெயலலிதா வந்ததும் அதை எடுத்துவிட்டு 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டு வந்தார். இப்போது ஆண்டுக்கு 1 லட்சம். 2018ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்தபோது ஆண்டுக்கு 5 லட்சம். அடுத்து 25.

அட்டையில் இருக்கும் படம் மாறியது, பெயர் மாறியது, தொகை மாறியது. மாறாதது ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் காசு. நடந்து போய் டாக்டரைப் பார்த்துவிட்டு நடந்து வந்தால் காசு கிடையாது.

எங்கள் வீட்டுக் கணக்கு

அப்பா பவர் டேபிள் டைலர். ஏழெட்டு வருடமாகச் சர்க்கரை. காண்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டில் வேலை. சராசரியாகப் போட்டால் ஒரு நாளைக்கு 650 ரூபாய் வரும். டைலர்கள் பெரும்பாலும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பெடல் அழுத்துவார்கள். 2023ல் வலது காலில், இரண்டாவது விரலுக்கு அடியில் ஒரு சின்னக் கொப்புளம். உடைந்தது. ஆறவில்லை. ஆர்டர் அவசரம், ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி எட்டரைக்கு மேல் கம்பெனி விட்டு வரும் வழியில் திறந்திருக்கும் கிளினிக்கில் காட்டுவார். கட்டுப் போட்டுக்கொள்வார். மறுநாள் மறுபடி பெடல்.

கடைசியில் காய்ச்சல் வந்து அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். ஆறு நாள். விரலை எடுத்துவிட்டார்கள். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள், ஒரு பைசா வாங்கவில்லை. அதன் பிறகு ஒன்பது வாரம் வீட்டில்.

அந்தக் கோடை விடுமுறையில் அம்மா வைத்திருந்த பழைய நோட்டையும் மருந்துக் கடைச் சீட்டுகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து ஒரு கணக்கு எழுதினேன். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய 14 மாதமும், பிந்தைய 9 வாரமும்.

டாக்டர் ஃபீஸ், 19 தடவை: 3,800
சர்க்கரை, பிரஷர் மாத்திரை, 14 மாதம்: 12,600
ரத்தப் பரிசோதனை, 6 தடவை: 4,200
கட்டுப் போட்டது, 34 தடவை: 5,100
ஆன்டிபயாடிக், களிம்பு: 6,300
ஸ்கேன்: 2,500
சேர்வதற்கு முன் போகாமல் விட்ட 22 நாள் வேலை: 14,300
ஆஸ்பத்திரி நாட்களில் அம்மாவுக்குச் சாப்பாடு, பஸ், சில்லறை: 2,100
வீட்டில் இருந்த 54 வேலை நாள்: 35,100

மொத்தம் 86,000 ரூபாய்.

இதில் ஆறு நாள் படுக்கைக்கும் ஆபரேஷனுக்கும் நாங்கள் கொடுத்தது பூஜ்யம். அது ஏற்கெனவே இலவசம். இப்போது எங்கள் வீட்டில் 25 லட்சம் ரூபாய் அட்டை இருந்திருந்தால் இந்த 86,000ல் எவ்வளவு குறைந்திருக்கும்? திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். ஒன்றும் குறையாது. ஆயுஷ்மான் பாரத் விதியில் சேர்வதற்கு முந்தைய 3 நாளும், டிஸ்சார்ஜ் ஆன பிறகு 15 நாளும் மருந்துச் செலவில் சேரும். எங்கள் செலவு நடந்தது அந்த 14 மாதத்தில். எங்கள் நஷ்டம் நடந்தது கூலியில். அந்த நஷ்டத்துக்கு வாங்கிய குழுக் கடனுக்கு அம்மா அப்புறம் ஒரு வருடம் வாரத் தவணை கட்டினார்.

அதனால்தான் அப்பாவின் கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாத்திரைக்குக் கொடுப்பார்களா? கொடுக்க மாட்டார்கள் அப்பா.

எண்ணெய் ஊற்றாத மெஷின்

இன்சூரன்ஸ் பேப்பரில் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது இதுதான். எப்போதாவது நடக்கும், நடந்தால் பெரிய நஷ்டம் வரும், அதற்குத்தான் காப்பீடு. தீ விபத்து மாதிரி. தினமும் நடப்பதற்குக் காப்பீடு கிடையாது, அதற்குப் பராமரிப்பு என்று பெயர்.

நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். ஓவர்லாக் மெஷினுக்கு ஒருத்தர் எண்ணெய் ஊற்றவே மாட்டார், ஊசி மாற்ற மாட்டார், பெல்ட் பார்க்க மாட்டார். ஆனால் மெஷினுக்கு 25 லட்சத்துக்கு ஃபயர் இன்சூரன்ஸ் போட்டிருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்வார். அந்தக் கம்பெனி எத்தனை நாள் ஓடும்?

சர்க்கரை நோய் தீ விபத்து இல்லை. 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை. இவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் செலவு வரும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். தெரிந்த செலவை வருடக் கணக்கில் அவர்கள் தலையில் விட்டுவிட்டு, அது முற்றிப் போய்ப் படுக்கையில் விழும்போது மட்டும் லட்சக் கணக்கில் கொடுப்பேன் என்பது என்ன சீர்திருத்தம்? விரலுக்கு முன்னால் 900 ரூபாய் மாத்திரை இருந்தது. அதற்கு ஆளில்லை.

நாட்டுக் கணக்கும் இதைத்தான் சொல்கிறது. 2021-22க்கான தேசிய சுகாதாரக் கணக்கில், மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தங்கள் பையிலிருந்து நேரடியாகக் கொடுத்தது. இத்தனை காப்பீட்டுத் திட்டங்கள் வந்த பிறகும் அவ்வளவு. அதில் பெரும்பகுதி மருந்துக்கும், படுக்காமல் பார்த்துக்கொள்ளும் வைத்தியத்துக்கும் போவது.

எதிர்க் கேள்விகள்

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு தோழி சண்டைக்கே வந்துவிட்டாள். அவள் பாட்டிக்கு இந்தக் காப்பீட்டு அட்டையில்தான் இதய ஆபரேஷன் நடந்தது. அட்டை இல்லாவிட்டால் நிலத்தை விற்றிருப்போம் என்றாள். அவள் சொன்னது உண்மை. நான் காப்பீட்டுக்கு எதிரி இல்லை. இதயம், சிறுநீரகம், புற்றுநோய், இதற்கெல்லாம் அட்டை வேண்டும். இருக்கவும் செய்கிறது.

என் கேள்வி, 5 லட்சத்தை 25 லட்சமாக்குவதால் யாருக்கு என்ன கூடுதலாகக் கிடைக்கிறது என்பதுதான். 2017-18ல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வில், தனியார் மருத்துவமனையில் ஒரு தடவை சேர்ந்தால் ஆன சராசரிச் செலவு 31,845 ரூபாய். அரசு மருத்துவமனையில் 4,452. விலைவாசி ஏறித் தனியார் செலவு இன்று இரண்டு மடங்கு ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 5 லட்சத்துக்குள் ஏழு தடவை சேர்ந்து எழுந்து வரலாம். 5 லட்சத்தைத் தாண்டும் நோயாளிகள் இருக்கிறார்கள், அவர்கள் கஷ்டம் பெரிய கஷ்டம், அவர்களுக்குத் தனி நிதி வைக்கலாம். ஆனால் அது எல்லோருக்குமான சீர்திருத்தம் ஆகாது. 25 என்ற எண் மேடையில் நன்றாக ஒலிக்கிறது. அதற்காகத்தான் அந்த எண்.

இன்னொரு நியாயமான எதிர்க் கேள்வி: அதே தேர்தல் அறிக்கையில் அரசு மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையங்களில் பரிசோதனை, மருந்து எல்லாம் இலவசம் என்றும், 2028-29க்குள் மொத்தச் செலவில் 4 சதவீதம் சுகாதாரத்துக்கு என்றும் எழுதியிருந்தார்களே? எழுதியிருந்தார்கள், மறுக்கவில்லை. என் வருத்தமே அதுதான். உருப்படியான வரி உள்ளே இருந்தது. எதிர் வீட்டு அண்ணன் காதுக்கு வந்தது 25 லட்சம் மட்டும். எதை உரக்கச் சொல்கிறோமோ அதைத்தான் நாளை செய்தாக வேண்டும். உரக்கச் சொல்லாததை யாரும் கேட்கப் போவதில்லை.

இலவச மாத்திரை இருக்கே, ஏன் வாங்கவில்லை?

இதைக் கேட்பீர்கள் என்று தெரியும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் சர்க்கரை மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கிறார்கள். 2023 ஜூனில் ஒரே நாளில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களைத் திறந்தார்கள், மாலையில் 4 முதல் 8 வரை டாக்டர். எல்லாம் நல்ல காரியங்கள், சந்தேகமே இல்லை.

ஆனால் திருப்பூரின் கடிகாரத்தைப் பாருங்கள். காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்ட் முடிய ராத்திரி எட்டரை ஆகிவிடும். எட்டு மணிக்கு மையத்தைப் பூட்டிவிடுகிறார்கள். அரை மணி நேரத்தில் தவறுகிறது. பகலில் எங்கள் லைன் வீடுகளுக்கு யார் வந்து பார்த்தாலும் பூட்டுதான் தொங்கும், வீட்டில் இருக்க யாருக்கும் கட்டுப்படி ஆகாது. அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்று வாங்கப் போனால் அரை நாள் போகும். இலவச மாத்திரையின் விலை 325 ரூபாய் கூலி. அப்பா அதைக் கணக்குப் போட்டுத்தான் காசு கொடுத்துக் கடையில் வாங்கினார். அவர் பத்தாவது தாண்டாதவர், ஆனால் காஸ்ட் அக்கவுண்டிங் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்.

ஆக, திருப்பூர்த் தொழிலாளிக்கு வைத்தியத்தில் இரண்டு தட்டுப்பாடு. படுக்காத நோய்க்குப் பணம். போய் வர நேரம். 25 லட்சம் இந்த இரண்டில் எதையும் தொடவில்லை.

ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் இது. இந்த இரண்டுக்கும் பதில் சொல்கிற ஒரு திட்டம் நாட்டில் 1948ல் சட்டமாகி, 1952ல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. ஈ.எஸ்.ஐ.

ஈ.எஸ்.ஐ.யில் நடந்து போய் டாக்டரைப் பார்க்கலாம், மாத்திரை உண்டு. முக்கியமாக, நோயில் விடுப்பு எடுத்த நாளுக்குக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. 2019 ஜூலை முதல் கட்டணம், கூலியில் தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம்.

அப்பாவின் கணக்கில் போட்டுப் பாருங்கள். 650 வீதம் 26 நாள், மாதம் 16,900. 21,000 என்ற ஈ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருகிறார். அவர் பங்கு 127 ரூபாய், வேலை கொடுப்பவர் பங்கு 550 ரூபாய். மாதம் 677 ரூபாய் கட்டியிருந்தால், வீட்டில் இருந்த அந்த 54 நாளுக்கு மட்டும் நாளைக்கு 455 வீதம் 24,570 ரூபாய் வந்திருக்கும். மருந்து, டாக்டர் செலவு தனி. குழுக் கடன் தேவைப்பட்டிருக்காது.

ஏன் கட்டவில்லை? காண்ட்ராக்டர் பீஸ் ரேட் ஆளுக்கெல்லாம் ஈ.எஸ்.ஐ. கிடையாது என்றார். அது சட்டமில்லை. பீஸ் ரேட் என்பதற்காக விலக்கு இல்லை. காண்ட்ராக்ட் ஆளுக்கும் கம்பெனிதான் முதலில் கட்ட வேண்டும், பிறகு காண்ட்ராக்டரிடம் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் சட்டம் எட்டாது. ஒரே கட்டடத்தில் மூன்று பெயரில் ஒன்பது ஒன்பது பேர் வேலை செய்வதை ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் பார்க்காதவர்கள் திருப்பூரில் இருக்க முடியாது.

ஈ.எஸ்.ஐ.யை நான் கோயிலில் வைத்துக் கும்பிடச் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் 78 நாள் கட்டணம் சேர்ந்தால்தான் நோய்க்காலப் பணம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டு ஆர்டர் குறைந்தபோது, வேலை நாள் குறைந்தவர்களுக்கு அந்த 78 ஒரு பெரிய எண் ஆகிவிட்டது. இவ்வளவு தொழிலாளர்கள் இருக்கும் ஊரில் 100 படுக்கை ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2024 பிப்ரவரியில்தான் திறந்தார்கள். 2024-25ல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் இது. ஓட்டையெல்லாம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஓட்டையை அடைப்பதைத்தானே சீர்திருத்தம் என்கிறோம்? "பத்துப் பேர் வரம்பை எடுப்போம், பீஸ் ரேட் ஆளுக்கும் நோய் விடுப்புக் கூலி கொடுப்போம்" என்று ஒருவர் ஓட்டுக் கேட்க வந்து நான் பார்த்ததில்லை.

அந்தக் கட்சிக்கு ஒரு பத்தி

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன். பா.ஜ.க. 2024 ஏப்ரல் 14 அன்று வெளியிட்ட அறிக்கையில் 70 வயது தாண்டிய எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், 5 லட்சம் காப்பீடு என்றது. அந்த ஆண்டு அக்டோபரில் மோடி அதைத் தொடங்கியும் வைத்தார். வருமானச் சான்று கேட்காதது நல்ல விஷயம்.

இங்கே மாநிலத் திட்டத்தை 2022 ஜனவரியில் நீட்டித்தபோது குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். மாதம் 10,000. அப்பா டைலர், அம்மா செக்கிங் என்றால் உண்மையான வருமானத்தைச் சொல்லி ஒரு பனியன் கம்பெனிக் குடும்பம் அந்த அட்டையை வாங்கவே முடியாது.

ஆனால் 70 வயது? அப்பாவுக்கு 48. பஞ்சுத் தூசியிலும் உட்கார்ந்த இடத்திலும் 30 வருடம் உழைத்த பவர் டேபிள் டைலர் 70க்குள் என்ன ஆவார் என்பதைக் கேட்டுவிட்டு வயதை முடிவு செய்திருக்கலாம். இதுவும் படுத்தால்தான் காசு ரகம்தான். ஒருவர் தொகையைக் கூட்டினார், இன்னொருவர் வயதைச் சேர்த்தார். கட்டில் அதே இடத்தில் இருக்கிறது.

வேறு மாதிரி செய்ய முடியாதா?

செய்திருக்கிறார்கள். 2001ல் தாய்லாந்துத் தேர்தலில் தக்சின் ஷினவத்ரா ஒரு வாக்குறுதி கொடுத்தார். எந்த வைத்தியம் என்றாலும் 30 பாட். அன்றைய மதிப்பில் நம் காசுக்கு 30 ரூபாய் சொச்சம். படுத்தாலும் சரி, நடந்து வந்து மாத்திரை வாங்கினாலும் சரி. ஒரு மருத்துவமனையில் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்களோ அத்தனை தலைக்கு அரசு பணம் கொடுத்தது. ஆளைப் படுக்க வைத்தால்தான் பணம் என்ற நிலை இல்லை, ஆரோக்கியமாக வைத்திருந்தால் மருத்துவமனைக்கே லாபம். அடுத்த ஆண்டுக்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. தக்சின் அரசியலில் பிறகு நடந்ததெல்லாம் வேறு கதை, அவரை உத்தமர் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாக்குறுதி சரியான இடத்தைத் தொட்டது.

தாய்லாந்து வரைக்கும் கூடப் போக வேண்டாம். 25 லட்சத்துக்குச் சொந்தக்காரரான அதே கெலாட் 2011 அக்டோபர் 2 அன்று ராஜஸ்தானில் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கினார். அரசு மருத்துவமனைக்கு யார் வந்தாலும் அத்தியாவசிய மருந்து இலவசம். அதற்கு அவர்கள் பார்த்துக் கற்றுக்கொண்ட முன்மாதிரி எது தெரியுமா? 1994ல் நாம் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மொத்தமாக டெண்டர் விட்டுக் குறைந்த விலையில் மருந்து வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாகக் கொடுக்கும் நம் ஊர் முறை. காங்கிரஸ் ராஜஸ்தானிலிருந்து மேடைக்குக் கொண்டு வர இரண்டு பொருள் இருந்தது. ஒன்று மாத்திரை, ஒன்று கட்டில். கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

நான் கேட்க நினைப்பது

அடுத்த முறை யார் ஓட்டுக் கேட்டு எங்கள் லைனுக்கு வந்தாலும், எந்தக் கொடி பிடித்து வந்தாலும், தொகை எவ்வளவு என்று கேட்கப் போவதில்லை. நான்கு கேள்வி வைத்திருக்கிறேன். வேண்டுமானால் நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. படுக்காத நோய்க்கு, மாதா மாதம் வாங்கும் மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் என்ன வழி?

2. நோயில் போன கூலிக்கு என்ன வழி? பீஸ் ரேட், காண்ட்ராக்ட், ஒன்பது பேர் யூனிட் ஆட்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கும் ஒடிசாக்காரரையும், பீகார்க்காரரையும் சேர்த்து.

3. ராத்திரி ஒன்பது மணிக்கும் ஞாயிற்றுக்கிழமையும் எந்த அரசு மையம் திறந்திருக்கும்?

4. இதற்கெல்லாம் பணம் யார் கட்டுவது? இலவசம் என்று சொன்னால் விடமாட்டேன், நான் காமர்ஸ்.

இவ்வளவு குறிப்பாகக் கேட்டால் பதில் வருமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நம் ஊர்க் கதை ஒன்று. 1984ல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விலைவாசிக்குத் தக்க பஞ்சப்படி வேண்டும் என்பது கோரிக்கை. நல்வாழ்வு, விடிவு, பொற்காலம் என்றெல்லாம் கேட்கவில்லை. பஞ்சப்படி என்று பெயர் சொல்லிக் கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள். தங்கள் பை எங்கே கிழிந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்பா இப்போது வேறு கம்பெனியில் பவர் டேபிள் ஓட்டுகிறார். ஒரு விரல் குறைந்த காலால் பெடல் அழுத்த, கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து உட்காருகிறார். இங்கே ஈ.எஸ்.ஐ. உண்டு. முதல் மாதச் சீட்டைக் கொண்டு வந்து என்னிடம் நீட்டினார். பிடித்தம் 127 ரூபாய்.

"இது எதுக்கு கண்ணு புடிச்சிருக்காங்க?"

"மாத்திரைக்குங்கப்பா" என்றேன்.